உங்கள் மகளுக்காக வாழ்த்துகள்

ஆம்ஸ்டர்டாமில் காபி ஷாப் என்று பலகை இருந்தால் உள்ளே விற்பது கஞ்சா. காபி வேண்டுமென்றால் வேறு கடை பார்த்துக்கொள்ள வேண்டும். ஹாலந்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் இது தெரியும். பாஸ்டியானுக்கும் தெரிந்ததால்தான் வாசலிலேயே மரமாய் நின்றார். ஆனால் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவர் மனைவி கிரீட்டுக்கு அவசரம் வேறு. டிராமிலிருந்து இறங்கியதிலிருந்து கழிப்பறை தேடிக்கொண்டிருந்தாள்.

"பாவம் ஒண்ணும் ஒட்டிக்காது, வா மனுஷா," என்று அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

அவள் பின்பக்கம் போனதும் பாஸ்டியான் ஓர் ஓரத்தில் உட்கார்ந்தார். சுற்றிலும் புகை மண்டிக் கிடந்தது. சரி, இங்கே புகைக்குத் தடையில்லை போலிருக்கிறது என்று நினைத்து, சட்டைப் பையிலிருந்த புகையிலையை எடுத்துத் தாளில் சுருட்ட ஆரம்பித்தார். கல்லாவிலிருந்த பெண் ஓட்டமாய் வந்தாள்.

"ஐயா, உள்ள புகையிலை பிடிக்கக் கூடாது."

"இவங்கல்லாம் என்ன பண்றாங்க?"

"அது கஞ்சா. அது பரவாயில்ல. புகையிலைக்குத்தான் தடை, சட்டம்."

"அப்போ கஞ்சாவுக்குச் சட்டம் இடம் குடுக்குதா?"

"குடுக்கல. சட்டப்படி தப்புதான். ஆனா யாரும் வந்து பிடிக்க மாட்டாங்க."

"ஏம்மா, தப்பா, சரியா? ஒண்ணு சொல்லு."

"ரெண்டும் இல்ல. கண்டும் காணாம விட்டுடுவாங்க," என்று சிரித்துவிட்டுப் போனாள்.

பாஸ்டியானுக்குத் தலை சுற்றியது. புகையினால் அல்ல. அவர் வெர்க்கெண்டாம் ஊர்க்காரர். அங்கே ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேளையும் கோயிலுக்குப் போவார்கள், அன்றைக்கு யாரும் கப்பலை அவிழ்க்க மாட்டார்கள். ஒன்று செய்யலாம், இல்லையென்றால் கூடாது. நடுவில் இப்படி ஒரு சந்து இருப்பதே அவருக்குப் பிடிபடவில்லை.

சரக்குப் படகின் தலைவர் அவர். ஹங்கேரியிலிருந்து மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு, டான்யூபில் எதிர்நீச்சல் போட்டு, கப்பலைத் தண்ணீரோடு தூக்கி இறக்கும் ஜெர்மனியின் மதகுகளையெல்லாம் கடந்து, ரைன் வழியே ஆம்ஸ்டர்டாம் துறைமுகம் வந்து சேர மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. இறக்குவது திங்கட்கிழமை. இன்று சனி. இன்று அவர்களுடைய ஒரே மகள் லீஸ்பெத்தின் பிறந்தநாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் லீஸ்பெத், டெசெல் என்ற பெண்ணோடுதான் வாழப்போகிறேன் என்று வந்து நின்றாள். "இனிமே என் கப்பல்ல உன் கால் படக் கூடாது," என்றார் பாஸ்டியான். சொல்பேச்சுக் கேட்கிற பிள்ளை, அன்றிலிருந்து கால் வைக்கவில்லை. நகர மன்றத்தில் அந்த இருவருக்கும் கல்யாணம் நடந்த அன்று பாஸ்டியான் காலையிலேயே எஞ்சின் அறைக்குள் இறங்கி, கெட்டுப்போகாத எஞ்சினைப் பொழுது சாயும்வரை கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

இந்தப் பயணத்தில் ஒரு மதகில் வரிசை நகராமல் காத்துக் கிடந்தபோது, முன் கப்பலில் ஒரு பெண் கயிற்றைச் சுழற்றி முதல் வீச்சிலேயே கரையிலிருந்த முளையில் மாட்டினாள். "லீஸ்பெத்தும் இப்படித்தான் வீசுவா," என்றார். ஆறு வருஷத்தில் அந்தப் பெயர் அவர் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை. மறுநாள், "அவ பிறந்தநாள் வருதுல்ல?" என்றார். கிரீட் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மனுஷன் மனம் மாறிவிடுவானோ என்று பயம்.

அன்றிலிருந்து பாஸ்டியான் ஒரே வாக்கியத்தை உருப்போட்டு வைத்திருந்தார். எனக்குக் கோபம் போயிடுச்சு, உன்னை மன்னிச்சிட்டேன். இதைச் சொன்னால் மகள் அழுவாள், கட்டிக்கொள்வாள். மகள் திரும்பக் கிடைத்துவிடுவாள். அதற்கு மேல் அவர் யோசிக்கவே இல்லை.

கிரீட் திரும்பி வந்ததும் இருவரும் மழையிலேயே நடந்து போய்ச் சேர்ந்தார்கள். லீஸ்பெத்தின் வீடு கால்வாயில் மிதக்கும் வீட்டுப் படகு. எஞ்சின் இல்லாதது. பாஸ்டியான் கணக்கில் அது படகே இல்லை, மிதக்கிற பெட்டி. ஆனாலும் ஜன்னலில் கண்ணாடி பளபளவென்றிருந்தது. கட்டியிருந்த கயிற்றின் முடிச்சு அவர் சொல்லிக் கொடுத்த முடிச்சு. குறை தேடிக்கொண்டு வந்தவருக்கு ஒன்றும் கிடைக்காதது எரிச்சலாக இருந்தது.

கிரீட் கதவைத் தட்டக்கூட இல்லை. தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இழுபடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"நீ இங்க வந்திருக்கியா?"

"ஆம்ஸ்டர்டாம் வர்றப்பல்லாம் நூல் வாங்கப் போறேன்னு போவேனே. கப்பல்ல எத்தனை நூல்கண்டு இருக்கு? ஒரு நாளாவது கேட்டியா நீ?"

கேட்கவில்லைதான். தெரியாமலும் இல்லை. பாஸ்டியான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

பிறந்தநாள் வீடு ஊரில் எப்படியோ அப்படியேதான் இங்கேயும் இருந்தது. சுவரோரமாய் வட்டமாக நாற்காலிகள். காபி, ஆளுக்கொரு துண்டு கேக். வருகிறவர் வட்டத்தைச் சுற்றி எல்லோர் கையையும் குலுக்க வேண்டும். பிறந்தவளை மட்டும் வாழ்த்தினால் போதாது, பெற்றவர்களுக்கும் உற்றவர்களுக்கும் வாழ்த்துச் சொல்ல வேண்டும். "வாழ்த்துகள் கிரீட், உங்க மகளுக்காக!" என்று ஆளாளுக்கு எழுந்து வந்து கிரீட்டின் கன்னத்தில் மூன்று முத்தம் கொடுத்தார்கள். பின்னால் நின்ற பாஸ்டியானை யாருக்கும் தெரியவில்லை.

லீஸ்பெத் வந்தாள்.  "வாங்க அப்பா, உள்ள வாங்க. மழையில நனைஞ்சிட்டீங்களா? காபி எடுத்துக்குங்க," என்றாள் தாழ்ந்த குரலில். அழவில்லை. கட்டிக்கொள்ளவும் இல்லை. உருப்போட்ட வாக்கியத்தைச் சொல்ல இடமே கிடைக்கவில்லை.

அவர் கோப்பையோடு ஓர் ஓரமாய் உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த பெண் குனிந்து, "நீங்க லீஸ்பெத்துக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள்.

அப்பா என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கதவு திறந்து ஒரு ஜோடி உள்ளே வந்தது. நேரே எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு கிழவரிடம் போய், "வாழ்த்துகள் ரீனுஸ், உன் மகளுக்காக!" என்று இருவரும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

கிழவர், "ஆமா ஆமா, எனக்கும் வயசாகுது பாருங்க," என்று சிரித்தார். லீஸ்பெத் போகிற போக்கில் அவர் தோளில் தட்டி, "நீ கேக்கை மறைச்சு வெச்சுக்கிட்டு ரெண்டாவது கேப்ப, எனக்குத் தெரியும்," என்றாள்.

பாஸ்டியானுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஊரில் பெற்றவர்களை நீங்க என்பார்கள். மரியாதை தெரிந்த வீடு என்று அதில் அவருக்குப் பெருமை. இங்கே தனக்கு நீங்க, அந்த ஆளுக்கு நீ. இதில் யாருக்கு மதிப்பு அதிகம்? அந்த ரீனுஸை ஏற இறங்கப் பார்த்தார். காதில் வளையமோ நகத்தில் சாயமோ இருந்தால் வசதியாக இருந்திருக்கும், மனதுக்குள்ளாவது திட்டியிருக்கலாம். கம்பளிச் சட்டை, தேய்ந்த செருப்பு, வழுக்கை. தன்னைப் போலவே ஓர் ஆள்.

அவர் எழுந்து தளத்துக்கு வந்தார். மழை விட்டிருந்தது. புகையிலையை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தார். லீஸ்பெத் பின்னாலேயே வந்து கம்பியில் சாய்ந்து நின்றாள்.

"லீஸ்பெத், எனக்குக் கோபம் போயிடுச்சு. உன்னை மன்னிச்சிட்டேன்."

"எதுக்கு?"

இந்தக் கேள்வி வரும் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை. "எதுக்குன்னா... எல்லாத்துக்கும்."

"நான் மன்னிப்புக் கேக்கலையே அப்பா."

"அப்போ நான் எதுக்கு வந்தேன்?"

"எனக்கும் அதான் தெரியல. அம்மா போன் பண்ணினதிலேர்ந்து யோசிச்சுக்கிட்டே இருக்கேன்."

கால்வாயில் ஒரு சுற்றுலாப் படகு போயிற்று. உள்ளேயிருந்தவர்கள் கையசைத்தார்கள். இருவரும் பழக்க தோஷத்தில் திரும்பக் கையசைத்தார்கள்.

"அந்த ஆளு யாரு?"

"பக்கத்துப் படகு. டிராம் ஓட்டிட்டிருந்தாரு. கல்யாணத்தன்னிக்கு முதல் வரிசையில உங்க நாற்காலி காலியா இருந்துச்சு. எல்லாரும் அதையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. ரீனுஸ் எந்திரிச்சு வந்து உக்காந்துக்கிட்டாரு. அப்புறம் நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்பவும் வந்து உக்காந்துக்கிட்டாரு."

"ஆஸ்பத்திரியா? எப்போ?"

"அம்மாகிட்டகூடச் சொல்ல வேணாம்னு டெசெல்கிட்ட நான்தான் சொன்னேன். இப்ப சரியாயிடுச்சு."

 மகள் படுத்துக் கிடந்திருக்கிறாள், தான் எந்த ஆற்றில் எந்த மதகில் நின்றிருந்தோம் என்பதுகூட அவருக்குத் தெரியாது.

"என்னை வெளிய போகச் சொல்லு. இல்ல, இருன்னு சொல்லு. ரெண்டுல ஒண்ணு சொல்லிடும்மா. இப்படிக் காபி குடுத்து உக்கார வெக்காத."

"போகச் சொல்ல மாட்டேன். அந்த வார்த்தையை உங்க வாயால கேட்டவ நான். ஆனா ரீனுஸை எந்திரிக்கச் சொல்லவும் மாட்டேன். வேணும்னா இன்னொரு நாற்காலி போடறேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பாஸ்டியான் கரையைப் பார்த்தார். இறங்கிப் போய்விடலாம், கரை ஓரெட்டுதான். போனால் இனி வர முடியாது என்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. மற்றது எதுவும் தெளிவாக இல்லை.

தொப்பியைப் பைக்குள் திணித்துக்கொண்டு, அப்போதுதான் வந்தவரைப் போல உள்ளே போய் வட்டத்தின் முதல் நாற்காலியிலிருந்து ஆரம்பித்தார். முகம் தெரியாதவர்களின் கையையெல்லாம் குலுக்கினார். கிரீட் கையையும் குலுக்கினார்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்று அவள் காதோடு கேட்டாள்.

டெசெல் எழுந்து நின்றாள். உயரமான பெண், அவரைவிட அவள்தான் பயந்துபோயிருந்தாள்.

"வாழ்த்துகள்," என்றார். அடுத்த வார்த்தை வர நேரமாயிற்று. "உன்... மனைவிக்காக."

 அடுத்தது ரீனுஸ். கிழவர் கையை நீட்டினார். பாஸ்டியான் அதைப் பிடித்துக்கொண்டு வெறுமனே நின்றார். 

"ஏன்யா, ஊருக்கெல்லாம் கை குடுக்கறியே, நீ யாருன்னு சொல்லவே இல்லையே?" என்றார் ரீனுஸ்.

பாஸ்டியான் மகளைப் பார்த்தார். அவள் சமையலறையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"எங்கப்பா. கொஞ்சம் தள்ளி உக்காரு ரீனுஸ்."

ரீனுஸ் தள்ளினார். அவரால் பக்கத்துக்காரர் தள்ள, வட்டம் முழுக்க நாற்காலிகள் சத்தத்தோடு நகர்ந்தன. ரீனுஸ் பிடித்த கையை விடாமலே எழுந்து நின்றார். முகத்தில் சிரிப்பு போய்விட்டிருந்தது.

"அப்படியா. வாழ்த்துகள், உங்க மகளுக்காக," என்றார்.

பாஸ்டியான் அந்தக் கையை இறுக்கிப் பிடித்தார். நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வழக்கம் அவ்வளவுதான்.

"உங்களுக்கும்," என்றார்.