வக்கீலின் தீனிப்பை

வாயை மூடவே மாட்டான் என்பதால் சேவலுக்கு வக்கீல் என்று பெயர். பெயர் வைத்தது மகள். ஷூ டப்பாவில் குஞ்சாகக் கொண்டுவந்ததும் அவள்தான். பிறகு அவள் படிக்கப் போனாள். போன இடத்திலேயே வேலை, அங்கேயே கல்யாணம். வக்கீல் அம்மாவோடு தங்கிவிட்டான்.

அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. தெருவில் எல்லோருக்கும் அவள் லேப் அக்கா.

ஞாயிறுதோறும் மகள் ஃபோன் செய்வாள். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்பதோடு இருவருக்கும் பேச்சு தீர்ந்துபோகும். "சரி, வக்கீல்கிட்ட குடு" என்பாள். லேப் அக்கா ஃபோனைக் கூண்டருகே கொண்டுபோவாள். வக்கீல் கழுத்தை நீட்டி ஒரு வாதம் வைப்பான். அந்தப் பக்கம் மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் லேப் அக்கா வாரம் முழுக்கக் கம்பும் சோளமும் அளந்து போட்டாள்.

அந்த ஞாயிறு வக்கீல் வாயைத் திறக்கவில்லை.

"என்னம்மா, கேஸ் தோத்துட்டானா?"

"தூங்குறான்."

தூங்கவில்லை. தோளைக் குறுக்கிக்கொண்டு மூலையில் நின்றான். எச்சம் பச்சைத் தண்ணீராகப் போயிருந்தது. தூக்கியபோது கழுத்துக்குக் கீழே தீனிப்பை பிசைந்த மாவுபோல் அமுங்கியது. அலகிலிருந்து புளித்த நாற்றம்.

மாட்டு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனாள். பெயர்தான் அப்படி. அவரிடம் வருவதெல்லாம் நாயும் பூனையும். வக்கீலைத் திருப்பிப் பார்த்தார்.

"காலையில தீனிப்பை காலியா இருக்கணும்மா. ராத்திரி தின்னதெல்லாம் இறங்கியிருக்கணும். இவனுக்கு உள்ளயே நின்னு புளிக்குது. ரொட்டி போடுறீங்களா?"

"எங்க வீட்ல ரொட்டியே வாங்கறதில்ல."

"அப்போ ஐயா வெளியில சாப்பிடுறார்."

குழாய் விட்டு மருந்து ஏற்றினார். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் மட்டும். தீனிப்பையை ஒரு நாளைக்கு மூன்று வேளை மெதுவாகத் தேய்த்துவிட வேண்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தானியம், கூடவே பொடிக்கல். "இன்னொரு தடவை மாவு உள்ள போச்சுன்னா என்னைக் கேக்காதீங்க" என்றார்.

மருந்து ஏற்றும்போது வக்கீல் கக்கியது அவள் கைக்குட்டையில் இருந்தது. லேப்புக்குக் கொண்டுபோய் அதில் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். மொட்டு விட்ட ஈஸ்ட், கூட்டம் கூட்டமாக. இன்னொரு சொட்டில் அயோடின் விட்டாள். கருநீலமானது. மாவு. மணிகள் உடையாமல் முழுசாக இருந்தன. வேகாத மாவு.

அவள் வீடு இருந்த கட்டடத்தில் வேகாத மாவும் ஈஸ்ட்டும் புழங்கும் ஆள் ஒருவர்தான். மாடியில் குடியிருக்கும் பேக்கரி அண்ணன். ராத்திரி முழுக்க வேலை. விடிந்து வருவார், பத்து மணிவரை தூங்குவார்.

மறுநாள் வழக்கம்போல் ஐந்து மணிக்குக் கூண்டைத் திறந்தாள். எப்போதும் குளிக்கப் போய்விடுவாள். அன்று போகவில்லை. குளியலறை ஜன்னலோரம் நின்றாள்.

ஐந்தரைக்குப் பேக்கரி அண்ணன் பின்வாசல் வழியாக வந்தார். துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு மாவு உருண்டையை எடுத்து, கிள்ளி, உள்ளங்கையில் உருட்டினார். சொல்லிவைத்த மாதிரி வக்கீல் ஓடினான். நிற்கவே தெம்பில்லாதவன், இறக்கையை அடித்துக்கொண்டு ஓடினான். அவளைப் பார்த்து ஒருநாளும் அப்படி ஓடியதில்லை.

"வாடா வக்கீலு. இதை முழுங்கிட்டு வாயை மூடு. ஐயா பத்து மணிவரைக்கும் தூங்கணும்."

அலகு மாவைத் தொடுவதற்குள் லேப் அக்கா ஒரு வாளியைக் கீழே தள்ளினாள். சத்தத்துக்கு வக்கீல் மிரண்டு ஓடினான். பேக்கரி அண்ணன் மாவைப் பையில் திணித்துக்கொண்டு மாடியேறினார்.

அவள் வெளியே போகவில்லை. போனால் சண்டை. சண்டை போட்டால் அவர் மன்னிப்புக் கேட்பார், சாயங்காலம் அண்ணி ஒரு தட்டில் எதையாவது கொண்டுவந்து நீட்டுவாள், அதோடு சமாதானம். அவளுக்குச் சமாதானம் வேண்டியிருக்கவில்லை.

அன்றிலிருந்து அவர் மாடியேறிய பிறகே கூண்டைத் திறந்தாள். தண்ணீர் மட்டும் வைத்த நாளில் வக்கீல் கிண்ணத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி கிண்ணத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையை மனசில் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

பத்து நாள் கழித்துப் பேக்கரி அண்ணன் லேப்புக்குள் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அட, தங்கச்சி! உன் லேப் இதுதானா? நல்லதாப் போச்சு. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குதும்மா. டாக்டர் என்னமோ எழுதிக் குடுத்திருக்கார். வெளியில சொல்ற சமாச்சாரம் இல்ல."

அவள் சீட்டை வாங்கிப் படித்தாள். "மலத்துல கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கான்னு பாக்கிறதுண்ணே."

"மெதுவாச் சொல்லு. வெளிய நாலு பேர் உக்காந்திருக்காங்க."

மூடி போட்ட சின்ன டப்பா ஒன்றைக் கொடுத்தாள். பரிசோதனைக்கு முன்னால் மூன்று நாள் எதையெல்லாம் தொடக்கூடாது என்று அச்சடித்த தாள் ஒன்று உண்டு. கறி, பச்சை முள்ளங்கி, சில மாத்திரைகள். அதன் கீழே பேனாவால் எழுதினாள்: ரொட்டி, பன், பிஸ்கட், கேக். மாவுப் பண்டம் எதுவும் கூடாது.

"ரொட்டியுமா? நான் பொழைக்கிறதே அதுலதானே!"

"உள்ள போய்ப் புளிச்சா ரிசல்ட் மாறிடும்ணே."

அவர் முகத்தையே பார்த்தாள். ஒரு சலனமும் இல்லை. அந்த மனிதருக்கு உறுத்தவில்லை.

"முதல் நாள் முழுக்கத் தண்ணி மட்டும். வயித்தை மூணு வேளை மெதுவாத் தேய்ச்சு விடுங்க. மேல இருந்து கீழ."

"அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"சொன்னதைச் செய்ங்கண்ணே."

செய்தார். முதல் டப்பா வந்தது. பரிசோதித்தாள். ரத்தம் இல்லை. சீட்டில் எழுதி, தேதி போட்டு, இழுப்பறைக்குள் தள்ளினாள். அவரிடம், "பத்தாதுண்ணே" என்றாள்.

"பத்தாதா? தண்ணியக் குடிச்சிட்டு எவ்வளவும்மா கொண்டுவர முடியும்?"

"மறுபடி மூணு நாள் பத்தியம். மறுபடி டப்பா."

இரண்டாவது டப்பாவிலும் ரத்தம் இல்லை. அந்தச் சீட்டும் இழுப்பறைக்குப் போனது. "லேட்டாக் கொண்டுவந்துட்டீங்கண்ணே. காஞ்சுபோச்சு." அவருக்குக் கன்னம் ஒட்டியிருந்தது. சட்டை தோளில் தொங்கியது.

"அடுப்புலேர்ந்து ரொட்டி வெளிய வரும்போது மூக்கைப் பொத்திக்கிறேன் தங்கச்சி. கூட வேலை செய்யறவங்க எத்தனாவது மாசம்னு கேக்குறாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து வக்கீலுக்கு ஒரு பிடி கம்பு கூடுதலாகப் போட்டாள். தீனிப்பை காலையில் காலியாக இருந்தது. எச்சம் கெட்டிப்பட்டிருந்தது. கூவல் மட்டும் திரும்பவில்லை. கழுத்தை நீட்டினால் கரகரவென்று காற்றுதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மகள் இரண்டு நிமிஷத்தில் ஃபோனை வைத்துவிட்டாள்.

நான்காவது டப்பாவும் கேட்பது என்று லேப் அக்கா அன்றைக்கே முடிவு செய்தாள்.

மூன்றாவது டப்பா வந்தது. சும்மா பார்த்துவைப்போம் என்றுதான் அட்டையில் தடவி மருந்தை விட்டாள். நீலம் பரவியது. வேறு அட்டை எடுத்தாள். அதிலும் நீலம்.

ரத்தம்.

இழுப்பறையைத் திறந்தாள். இரண்டு சீட்டுகள். இரண்டிலும் அவள் கையெழுத்து, சரியான தேதி, சரியான முடிவு. டாக்டர் கேட்டிருந்தது ஒரே ஒரு பரிசோதனை. அவள் நேர்மையாக நடந்திருந்தால் முதல் டப்பாவோடு, ஒன்றுமில்லை என்று அவரை அனுப்பியிருப்பாள். இப்போதும் அனுப்பலாம். பொய் சொல்லக்கூட வேண்டாம். இருக்கும் உண்மைகளில் ஒன்றை எடுத்து நீட்டினால் போதும்.

அவர் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார். ஒரு வருஷம் ரொட்டி தின்பார். இரண்டு வருஷம் தின்பார். பிறகு தின்ன மாட்டார்.

நாற்காலியில் உட்கார்ந்தாள். மூலையில் நின்ற வக்கீலின் கண் ஞாபகம் வந்தது. கிண்ணம், அவள், மறுபடி கிண்ணம்.

செத்தவனுக்குப் பசிக்காது. செத்தவன் ரொட்டிக்கு ஏங்கமாட்டான். எல்லோரும் அவனை நல்லவன் என்பார்கள், அவளும் மாலையோடு போய் நிற்க வேண்டியிருக்கும். அந்த ஆள் அவ்வளவு சுலபமாகத் தப்பக்கூடாது.

மூன்று சீட்டையும் சேர்த்துக் குத்தி டாக்டருக்கு அனுப்பினாள்.

குடலில் ஒரு சதை வளர்ந்திருந்தது. குழாய் விட்டுப் பார்த்தபோதே வெட்டி எடுத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டியிருந்திருக்கும் என்றாராம் டாக்டர். லேப்புக்கும் ஃபோன் செய்தார். "ஒண்ணு கேட்டா மூணு தடவை பாத்திருக்கீங்க. உங்களை மாதிரி பொறுப்பா யாரும்மா இருக்காங்க?" லேப் அக்கா சரி சார், சரி சார் என்றாள். அந்தப் பாராட்டு அன்று முழுக்கத் தொண்டையை விட்டு இறங்கவில்லை.

ஒரு வாரம் கழித்துப் பேக்கரி அண்ணன் கீழே வந்தார். கையில் சுடச்சுட ஒரு முழு ரொட்டி, அதன்மேல் காகிதத்தில் சுற்றிய ஒரு மாவு உருண்டை.

"ரொட்டி உனக்கு. என் கையால போட்டது. இது வக்கீலுக்கு. அவனுக்கு இதுன்னா உசிரு. உங்கிட்டச் சொன்னதில்ல, விடிகாலையில நான் குடுக்கிறதுதான். தின்னுட்டுச் சத்தமே போடமாட்டான், பாவம்."

சிரித்தார். அவள் இரண்டையும் வாங்கிக்கொண்டாள்.

"அவனும் பத்தியம்ணே. இனிமே குடுக்காதீங்க."

சொல்ல வேண்டியது நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அவர் கண் கலங்குவார். கையைப் பிடித்துக்கொள்வார். அவள் மன்னிக்க வேண்டியிருக்கும். வாயை மூடிக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கணும் தங்கச்சி. டாக்டர் எல்லாம் சாப்பிடலாம்னுட்டார். ஆனா உன் வாயால கேட்டாத்தான் எனக்கு நம்பிக்கை. ரொட்டி எப்போ சாப்பிடலாம்?"

"ஆறு மாசம் ஆகட்டும்."

"ஆறு மாசமா!"

"அவருக்குக் குடலைத்தான் தெரியும்ணே. மாவு உள்ள போய் என்ன பண்ணும்னு எனக்குத்தான் தெரியும்."

அவர் ரொட்டியை ஒருமுறை பார்த்தார். எச்சில் விழுங்கினார். "உசிரைக் காப்பாத்தினவ நீ. நீ சொன்னா ஒரு வருஷம்னாலும் இருப்பேன்."

"அப்போ ஒரு வருஷம்ணே."

அவர் மாடியேறிய பிறகு மாவு உருண்டையைக் குப்பையில் போட்டு, மேலே சாம்பலைக் கொட்டினாள்.

மறுநாள் ஐந்தரைக்கு அவர் பின்வாசலைத் திறந்தபோது லேப் அக்கா துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். மடியில் தட்டு. தட்டில் தோசைக்கல்லில் வாட்டிய நாலு துண்டு. வெண்ணெய் உருகி ஓரத்தில் வழிந்தது.

"நல்லா முறுகியிருக்கா தங்கச்சி?"

"ரொம்பண்ணே."

அவர் கொஞ்ச நேரம் நின்றார். அவள் அடுத்த துண்டைக் கடித்தாள், சத்தம் கேட்கும்படி. மாடிக்கதவு சாத்தியதும் கூண்டைத் திறந்துவிட்டாள். வக்கீல் வெளியே வந்து உடம்பை உதறினான். கழுத்தை நீட்டினான். முதலில் காற்று வந்தது. அப்புறம் பழைய குரல் வந்தது. பத்து மணிவரை அவன் நிறுத்தவில்லை. மாடி ஜன்னல் மூன்று முறை திறந்து மூன்று முறை சாத்தியது. உயிரைக் காப்பாற்றியவளின் சேவலை யார் திட்டுவது?

ஞாயிற்றுக்கிழமை மகள் ஃபோனில் அந்தக் குரலைக் கேட்டுவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள்.

"என்னம்மா, கேஸ் ஜெயிச்சுட்டானா?"

"இன்னும் இல்ல" என்றாள் லேப் அக்கா, விரலில் இருந்த வெண்ணெயைத் துடைத்தபடி. "வாய்தா வாங்கியிருக்கான். ஒரு வருஷம்."