ஜன்னல் வழியாக வந்த இங்கிலீஷ்

சிமென்ட் தண்ணீர் தோலைத் தின்னும். ஒரே நாளில் தின்னாது, கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். கலவை வண்டிகளைக் குழாய் பிடித்துக் கழுவும் வேலையில் அவள் சேர்ந்தபோது கை கைபோலத்தான் இருந்தது. இப்போது விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு, வெடிப்புக்குள் சிவப்பு. சாப்பிடும்போது உப்பு பட்டால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். கிளினிக் டாக்டர் களிம்பு எழுதிக்கொடுத்துவிட்டு, "இது பாதி வேலைதான் செய்யும். நீ சிமென்ட்டை விடணும்" என்றார். விட்டால் அடுப்பு எரிய வேண்டுமே. அதை அவரிடம் சொல்லவில்லை. அதற்கு அவரிடம் களிம்பு கிடையாது.

அந்த கான்கிரீட் ஆலையில் கையில் சிமென்ட் படாத நாற்காலிகளில் அவளுக்கு எட்டக்கூடியது ஒன்றுதான். வண்டிகளை அனுப்புகிறவருடைய நாற்காலி. எந்த வண்டி எந்தக் கட்டடத்துக்குப் போக வேண்டும் என்று ரேடியோவிலும் போனிலும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அதில் உட்கார்ந்திருந்தவரைச் சிடுமூஞ்சி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், அவர் காதில் விழும்படியே சொல்வார்கள். டிரைவர்கள் ஆளுக்கொரு பாஷைக்காரர்கள் என்பதால் ரேடியோவில் பொதுவாக இங்கிலீஷ். அவள் வண்டி கழுவும் இடம் அவருடைய ஜன்னலுக்கு நேர் கீழே. வருஷக்கணக்கில் அந்த இங்கிலீஷ் அவள் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷை அவள் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டு வந்தவள். ஆனால் சிடுமூஞ்சி புதிதாக எதுவும் பேசுவதில்லை என்பது அவளுக்குச் சீக்கிரமே பிடிபட்டது. அச்சில் வார்த்த கல் மாதிரி சில துண்டுகள் வைத்திருந்தார். அவற்றையே மாற்றி மாற்றி அடுக்குவார். வண்டி தாமதமானால் "யூ வேர் சப்போஸ்ட் டு பீ" என்று தொடங்கும். எங்கே இருந்திருக்க வேண்டும் என்பது பின்னால் வரும். டிரைவர் சாக்கு சொல்ல வாயெடுத்தால் "டோன்ட் டெல் மீ". சொன்னதையே மறுபடி சொல்ல நேர்ந்தால் "ஹவ் மெனி டைம்ஸ் டு ஐ ஹாவ் டு டெல் யூ". எந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று பிரித்துச் சொல்ல அவளால் முடியாது. எந்த நேரத்தில் எது விழும் என்று தெரியும். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே கீழே இவள் முணுமுணுத்து முடித்திருப்பாள்.

சிடுமூஞ்சிக்கு வேறு ஆலைக்கு மாற்றல் வந்தது. ஈர பூட்ஸோடு அவள் மேனேஜர் அறையில் போய் நின்றாள். மேனேஜரும் தமிழ்க்காரிதான். அதற்காகச் சலுகை காட்டுகிறவள் இல்லை.

"அந்த சீட்டை எனக்குக் கொடுங்க மேடம்."

"உனக்கு இங்கிலீஷ் வருமா?"

"வண்டி அனுப்புற இங்கிலீஷ் வரும்."

மேனேஜர் ரேடியோவை அவள் பக்கம் தள்ளினாள். வெளியே ஒரு வண்டி கேட்டை மறித்துக்கொண்டு நின்றது. இவள் பொத்தானை அழுத்தி, "யூ ஆர் சப்போஸ்ட் டு கீப் த கேட் க்ளியர். டோன்ட் டெல் மீ யூ டிடின்ட் நோ" என்றாள். வண்டி பதறிக்கொண்டு நகர்ந்தது.

மேனேஜர் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ஒரு வாரம் பார்க்குறேன். சரிப்படலேன்னா திரும்பக் குழாய்தான்."

வீட்டில் செய்தி கேட்டதும் கணவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். அதே ஆலையில் ஏழாம் வண்டி ஓட்டுகிறவன்.

"அப்போ இனிமே ரேடியோவுலயும் உன்கிட்டதான் வாங்கிக் கட்டிக்கணுமா? வீட்டுல வாங்குறது பத்தாதா?"

நாத்தனாருக்குத்தான் சந்தோஷம். செருப்புக் கடையில் விற்பனைக்கு நிற்கிறவள். ஓடிப்போய்த் தன்னுடைய இங்கிலீஷ் இலக்கணப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். "அண்ணி, ஐ வுட் பீ க்ரேட்ஃபுல் இஃப் யூ குட். சொல்லுங்க."

"இதை யாரு பேசுறா? இத்தனை வருஷம் ஜன்னலுக்குக் கீழே நிக்கிறேன், ஒருத்தன் வாயிலயும் வரலையே."

"மரியாதை தெரிஞ்சவங்க பேசுவாங்க."

"சரிதான். அப்போ கான்கிரீட் வாங்குறவங்க யாருக்கும் மரியாதை தெரியாது." புத்தகம் அரிசி டப்பாவுக்கு மூடியாகப் போனது.

முதல் இரண்டு நாள் பழுதில்லாமல் ஓடியது. டிரைவர்கள் சிரித்தார்கள், ஆனால் சொன்ன இடத்துக்குப் போனார்கள். மூன்றாம் நாள் ஒரு கான்ட்ராக்டர் போன் செய்தார். வண்டி எப்போது வரும் என்று கேட்டார். சொன்னாள். சற்று நேரத்தில் மறுபடி கூப்பிட்டு அதையே கேட்டார். அவளும் அன்பாகத்தான், சிரித்த முகத்தோடுதான் சொன்னாள்: "ஹவ் மெனி டைம்ஸ் டு ஐ ஹாவ் டு டெல் யூ, சார்? த ட்ரக் இஸ் கமிங்."

அந்தப் பக்கம் போன் அறைந்து வைக்கப்பட்டது. கொஞ்ச நேரத்தில் மேனேஜர் வந்து கதவைச் சாத்தினாள்.

"பில்லு கட்டுறவர்கிட்ட அப்படியா பேசுவே? வேற ஆலைக்குப் போறேங்கிறாரு."

"முன்னாடி இருந்தவர் இப்படித்தானே மேடம் பேசுவாரு?"

"டிரைவர்கிட்ட பேசுவாரு. கஸ்டமர் போன் வந்தா வெளிச் சத்தம் கேக்கக் கூடாதுன்னு ஜன்னலை மூடிட்டுப் பேசுவாரு. அதை நீ எங்கே கேட்டே?" மேனேஜர் கதவைத் திறந்தாள். "இன்னொரு புகார் வந்தா நாளைக்கே குழாயைப் பிடி."

ஜன்னல் அடிக்கடி மூடும் என்று அவளுக்குத் தெரியும். ஏதோ குளிர் என்று நினைத்திருந்தாள். அப்படியென்றால் அவளிடம் இருப்பது பாதி. திட்டுகிற பாதி.

அன்று சாயங்காலம் நாத்தனார் வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே இவள் அவளைப் பிடித்துக்கொண்டாள். "புஸ்தகம் வேணாம். கடையில நாள் முழுக்க நீ என்ன சொல்றியோ அதைச் சொல்லு."

நாத்தனார் யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவளுக்கே வெட்கமாகிவிட்டது. "அவ்வளவு இல்லை அண்ணி. மூணு நாலுதான். லெட் மீ செக். வுட் யூ லைக் அஸ் டு. சைஸ் இல்லேன்னா, ஐ'ம் அஃப்ரெய்ட்."

"செருப்பு இல்லேன்னா உனக்கு என்னடி பயம்?"

"பயமெல்லாம் இல்லை. அதை முன்னாடி போட்டா, இல்லைங்கிறதைக் கொஞ்சம் மெதுவா இறக்கி வைச்ச மாதிரி."

"அது போதும். நீ கஸ்டமர். உங்க அண்ணன் டிரைவர். ஆரம்பி."

நாத்தனார் தேங்காய் துருவியை போனாகப் பிடித்தாள். கணவன் கரண்டியை ரேடியோவாக்கி, டிராஃபிக் டிராஃபிக் என்று அலறினான். ஒரு காதுக்குத் தேன், மறு காதுக்கு மிளகாய். முதலில் எல்லாம் இடம் மாறியது. கணவனிடம் "ஐ'ம் அஃப்ரெய்ட்" என்றாள். "கல்யாணமானதுலேர்ந்து இதைக் கேக்கத்தான் காத்துக்கிட்டிருந்தேன்" என்றான் அவன். அவன் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி அவன் முதுகிலேயே ஒன்று வைத்தாள்.

வாரக் கடைசி நாள் ஒரு மாடிக்குத் தளம் போட்டார்கள். மூன்று வண்டி கிளம்பிவிட்டன. பாதி வழியில் அந்த சைட் போர்மேன் போன் செய்தார். கான்கிரீட்டை மேலே ஏற்றும் பம்ப் நின்றுவிட்டது.

கலவை காத்திருக்காது. வண்டியின் டிரம் சுற்றிக்கொண்டே இருந்தாலும் நேரம் கடந்தால் இறுகத் தொடங்கிவிடும். முழுக்க இறுகினால் உள்ளே ஆளை இறக்கி, வெக்கையில் வெந்துகொண்டே மெஷினால் உடைத்தெடுக்க வேண்டும். அப்படி உடைத்தவர்கள் அந்தச் சத்தத்தில் காது மந்தமாகி வெளியே வருவதை அவள் பார்த்திருக்கிறாள்.

"லெட் மீ செக், சார்," என்றாள். "மெக்கானிக் வந்தாச்சா?" என்பதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல், "மெக்கானிக் தேர்?" என்று மொட்டையாகக் கேட்டாள்.

"ஹி இஸ் அபௌட் டு கம். வீ ஆர் அபௌட் டு ஸ்டார்ட்."

அபௌட் டு. இந்தத் துண்டை அவள் நன்றாக அறிவாள். டிரைவர்கள் டீ கப்பைக் கையில் வைத்துக்கொண்டு சொல்வது. அபௌட் டு லீவ் என்றால் இன்னும் சட்டைகூடப் போடவில்லை என்று பொருள். அவளுடைய கணவன் குளியலறைக்குள்ளிருந்தே சொல்வான்.

"வுட் யூ லைக் அஸ் டு செண்ட் தெம் அனதர் சைட்?"

"நோ நோ! கீப் தெம்!"

"ஐ'ம் அஃப்ரெய்ட் ஐ காண்ட், சார். ஒன் ட்ரக் ஐ கீப்." போனை அணைக்காமல் மேஜைமேல் வைத்தாள். அவர் கத்தியது மேஜைவரை கேட்டது. ரேடியோவைத் தூக்கினாள். பக்கத்துத் தெருவில் இதே கலவைக்கு அஸ்திவாரம் காத்திருந்தது. "ஃபோர், செவன், டோன்ட் டெல் மீ யூ பாஸ்ட் த சிக்னல். டர்ன். டர்ன்!"

மேனேஜர் வாசலில் நின்றிருந்தாள். "அவர் வேணாம்னாரு. நீ யாரைக் கேட்டுத் திருப்பினே? இப்பவே பம்ப் ஓடினா?"

"ஓடினா நான் குழாய்க்குப் போறேன் மேடம்."

மேனேஜர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். திருப்பிவிட்ட இரண்டு வண்டியும் அஸ்திவாரத்தில் கொட்டிவிட்டுத் தகவல் சொன்னன. அங்கே நின்ற ஒற்றை வண்டி நின்றபடியே இருந்தது. கடைசியில் அதையும் அவள் திரும்ப வரச் சொன்னாள். கலவையை ஆலைக் குழியில் கொட்டினார்கள். அது நஷ்டம்தான். ஆனால் ஒரு வண்டி நஷ்டம். மதியச் சாப்பாடு முடிந்த பிறகு போன் அடித்தது. மேனேஜர் எட்டி ஸ்பீக்கரைப் போட்டாள்.

"ஐ வாஸ் கோயிங் டு கால் யூ," என்றார் போர்மேன். சத்தம் பாதியாக இறங்கியிருந்தது. மெக்கானிக் இப்போதுதான் வந்திருக்கிறாராம். கூப்பிட இருந்தேன் என்று சொல்கிற எவரும் கூப்பிட இருந்ததில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். அதைச் சொல்லவில்லை. "லெட் மீ செக், சார். திரீ ட்ரக்ஸ் ஐ கேன் செண்ட் ஆஃப்டர் ஃபோர்."

"தேங்க் யூ," என்றது போன், கொஞ்சம் முறைப்பாக.

மேனேஜர் ஸ்பீக்கரை அணைத்தாள். "மெக்கானிக் தேர், அனதர் சைட். அந்த மாதிரி ஓட்டையெல்லாம் அடைக்கணும். ஒரு மாசம் நான் பக்கத்துல உக்காந்து கேப்பேன்."

"ஒரு மாசமா? வாரம்னீங்களே மேடம்."

"வாரம் முடிஞ்சிருச்சு. குழாய்க்கு ஆள் தேடச் சொல்லிட்டேன்." எழுந்து போய்விட்டாள்.

ரேடியோ கரகரத்தது. ஏழாம் வண்டி. சேனலில் இங்கிலீஷ்தான் பேச வேண்டும் என்பதை மறந்துவிட்டு, "என்னாச்சு? சீட்டு நிலைச்சுதா?" என்றது, பயந்த குரலில்.

அவள் பொத்தானை அழுத்தினாள்.

"செவன், நோ ஃபேமிலி டாக். ஃபோர் ஓ க்ளாக் லோடிங்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள், "நிலைச்சுது. வரும்போது டீ வாங்கிட்டு வாங்க."

சேனலில் இருந்த அத்தனை வண்டியும் ஹார்ன் அடித்தது.