மந்திரத்துக்கு விலை வைத்தவன்

ரதீஷ் கேட்டது நியாயம்தான். ஆனால் நியாயம் கேட்கிறவனுக்கு நாக்கில் சனி உட்காருவதும் உண்டு.

புதுக்கடையில் சிஜினின் அப்பா நடத்தும் டயர் கடைக்கு மேலே ஒரு மாடி அறை. ஞாயிறு மத்தியானம் அங்கே நாலு பேர் கூடுவார்கள். சிஜின் கதை சொல்வான். மற்ற மூன்று பேரும் கதைக்குள் ஆளுக்கொரு வேடம். யாருக்கு என்ன நடக்கும் என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும்; இருபது விழுந்தால் உச்சம், ஒன்று விழுந்தால் நாசம். கல்லூரியில் தொடங்கிய ஆட்டம் இது. சுபின் வில்லாளி. ஜெனிலா மந்திரக்காரி. ரதீஷ் வாள்வீரன், பெயர் வலிய வேலப்பன். வாரம் முழுக்க ஆரல்வாய்மொழியில் காற்றாலைக் கோபுரம் ஏறி, இறங்கியதும் இன்ஜினீயரிடம் ஏச்சு வாங்குகிற ரதீஷை ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. வேலப்பன் வந்தால் கோட்டைவாசல் திறக்கும். அந்த ஒரு மத்தியானத்துக்காகத்தான் அவன் மிச்ச நாளெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

ஆட்டம் வளர வளர மந்திரமும் வளர்ந்தது. வாள் மட்டும் அங்கேயே நின்றது. வேலப்பன் மதிலில் பாதி ஏறுவதற்குள் ஜெனிலா பறந்து போய் உள்ளே உட்கார்ந்திருப்பாள். அவன் ஒரு காவல்காரனை வெட்டுவதற்குள் அவள் நெருப்பை எறிந்து படையையே சாம்பலாக்குவாள். ஒரு நாள் ரதீஷின் முறை வந்தபோது சுபின் கொட்டாவி விட்டான்.

"வேலப்பன் எதுக்கு கூட வாறான் மக்கா?" என்றாள் ஜெனிலா. "எனக்க சாக்கு சுமக்கவா?"

ரதீஷ் வெடித்துவிட்டான். "இது ஒரு ஆட்டமாலே சிஜினு? வாளு வீசுனா எனக்கு ரெத்தம் வடியுது. இவளுக்கு மந்திரம் சும்மா வருது. அதுக்கு வெல வைக்கணும். உயிருள்ள ஆளு மேல மந்திரம் பட்டா, போட்டவளுக்க உயிர்ல பாதி போணும். போனது திரும்ப வரப்பிடாது."

சிஜின் யோசித்தான். ஜெனிலாவின் கொட்டம் அவனுக்கும் சலித்திருந்தது. "கொள்ளாம், நல்ல யோசன. எல்லாருக்கும் சம்மதமா?"

சுபின் எப்போதும் ஜெயிக்கிற பக்கம், தலையை ஆட்டினான். ஜெனிலா மட்டும் சிரித்தாள். "இன்னும் ஒருக்கா பறை மக்கா. உயிருள்ள ஆளு மேல பட்டா. அதுதானே?"

"அதே," என்றான் ரதீஷ். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டான், மடையன்.

அடுத்த சில ஞாயிறுகள் வேலப்பனுக்குத் திருவிழா. ஜெனிலா நெருப்பைத் தொடவில்லை. விளக்கைப் பிடித்துக்கொண்டு, சாக்கையும் சுமந்துகொண்டு பின்னால் வந்தாள். கதவை உடைத்தது வேலப்பன், பூதத்தை வெட்டியது வேலப்பன். யாரும் கொட்டாவி விடவில்லை. "இப்பம் எப்படி?" என்று அவள் முகத்துக்கு நேரே கேட்டான். "சாக்கு கனக்குதா ஏட்டி?" அவனுக்கு அது தேனாய் இனித்தது.

பிறகு ஒரு ஞாயிறு, பாலத்தில் அரக்கன் நின்றான். ரதீஷ் பகடையை உருட்டினான். ஒன்று விழுந்தது. அரக்கனின் உலக்கை வேலப்பனின் நெஞ்சில் இறங்கியது.

"உயிரு போய்க்கிட்டு இருக்கு," என்றான் சிஜின். "ஜெனிலா குணமாக்குற மந்திரம் போட்டா பொழைப்பான். ஆனா வேலப்பன் உயிருள்ள ஆளு. சட்டப்படி அவளுக்க உயிர்ல பாதி போவும்."

"போட்டுடு ஜெனி." ரதீஷ் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான். "பாதி போனாலும் நீ சாவ மாட்டியே."

"சாவ மாட்டேன்தான்."

"பின்ன என்ன?"

"வெல கூடுதலு மக்கா. நீ வெச்ச வெல." ஏத்தங்காய் சிப்ஸ் ஒன்றை எடுத்துக் கடித்தாள். "அன்னைக்கு சாக்கு கனக்குதான்னு கேட்டியே? கனக்குது. கொஞ்சம் எறக்கி வைக்கேன்."

ரதீஷ் சுபினைப் பார்த்தான். சுபின் செல்போனைப் பார்த்தான். வேலப்பன் செத்தான்.

செத்தவன் சாயா வாங்கி வர வேண்டும் என்பது அந்த மாடியின் வழக்கம். அந்தச் சட்டத்தைப் போட்டதும் ரதீஷ்தான், சுபினின் முதல் வில்லாளி செத்த அன்று, விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே. இப்போது கண்ணைத் துடைத்தபடி முக்குக் கடையில் பிளாஸ்க்கை நீட்டினான். அப்படியே கிளம்பிப் போய்விடலாமா என்றிருந்தது. ஆரல்வாய்மொழி பக்கம் போகிற பஸ் வந்து நின்றது, போனது. அவன் ஏறவில்லை. அங்கே அவனுக்கு என்ன இருக்கிறது, மண்ணாங்கட்டி!

மாடி ஏறியதும் ஜெனிலா கையசைத்தாள். "வா மக்கா, உனக்க ஆளு எழும்பிட்டான்."

ரதீஷின் நெஞ்சு துள்ளியது. "பொழைச்சானா?"

"எங்க பொழைக்க? பொணத்த எழுப்பி வேலைக்கு வெச்சிருக்கேன். பொணம் உயிருள்ள ஆளு இல்லியே, எனக்கு ஒரு சொட்டு போவல்ல. நல்ல சட்டம் போட்ட மக்கா!"

சிஜின் அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "பொணத்துக்கு வலியும் இல்ல, பயமும் இல்ல. முன்னத்தவிட மூணு மடங்கு அடி. பகடைய நீயே உருட்டுலே, சும்மா இருக்காண்டாம்."

"நான் என்ன செய்யணும்?"

"அத நான் சொல்லுவேன்," என்றாள் ஜெனிலா. "அரக்கன வெட்டு."

ரதீஷ் உட்கார்ந்தான். உருட்டினான். இருபது விழுந்தது.

சுபின் துள்ளி எழுந்து கூவினான். சிஜின் மேசையைத் தட்டினான். "வேலப்பன்னா இதுதாம்லே வேலப்பன்!" வேலப்பன் உயிரோடு இருந்த காலம் முழுக்க அந்த மாடி அவனுக்காக இப்படி ஆர்ப்பரித்ததில்லை. கேட்கக் கேட்க ரதீஷுக்கு இனித்தது. வெட்கங்கெட்ட நெஞ்சு, இனித்துத் தொலைத்தது.

"இனி என்ன செய்யணும்?" என்று ஜெனிலாவிடம் கேட்டான்.

"மொதல்ல எல்லாருக்கும் சாயா ஊத்து."

ஊற்றினான்.