சரிவில் போட்ட சுண்ணாம்புக் கோடு

ஏழு முறை வரைந்து, ஏழு முறை திருத்தி, அந்த இளைஞர் மையத்துக்கு ஒப்புதல் வாங்குவதற்குள் கட்டடக் கலைஞரான அக்காவுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. மையத்தைக் கட்டும் குழுவில் ஆளுக்கொரு ஆசை. தலைவருக்கோ பளபளவென்று கண்ணாடி முகப்பு வேண்டும். அக்கா பிடித்த பிடியை விடவில்லை. கட்டடம் குன்றின் சரிவுக்குள் பதுங்க வேண்டும், கூரையில் புல் வளர வேண்டும், ஒரு மரத்தையும் ஒரு பாறையையும் தொடக்கூடாது என்று வரைந்து, அதற்கே ஒப்புதலும் வாங்கிவிட்டாள். நிலம் அளந்து கொடுத்தது அவளுடைய சொந்தத் தம்பி.

இன்று மாலை அவன் சுண்ணாம்புத் தூளால் அஸ்திவாரக் கோடு போட்டு முடித்தான். நாளைக் காலை மண் தோண்டும் வண்டி வரும். அக்கா செருப்பைக் கழற்றி, வீங்கிய கால்களை நீட்டிப் பாறைமேல் உட்கார்ந்தாள். பத்து நாள் அடித்துப்போட்டது மாதிரி தூங்க வேண்டும், வேறு ஆசையே இல்லை.

அப்போதுதான் மேலேயிருந்த குடியிருப்பிலிருந்து பையன்களும் பெண்களுமாகப் பந்தோடு ஒரு கூட்டம் இறங்கி வந்தது. கோட்டை மிதித்துத் தாண்டி, ஒருவர் பின் ஒருவராகக் கீழே மைதானத்துக்குப் போனார்கள். புல் தேய்ந்த ஒற்றையடிப் பாதை நெடுக வெள்ளைக் காலடிகள். பாதை கட்டடம் வரப்போகும் இடத்தின் நட்டநடுவில் போனது.

"டேய், இந்தப் பாதை உன் அளவுல எங்கடா?"

"மரம், பாறை, சாக்கடை இதத்தான்க்கா குறிப்போம். நடக்கிற தடத்த யாரு குறிப்பா?"

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று அவளும் காலையில்தான் வருவாள். இந்தப் பிள்ளைகளெல்லாம் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரம் அது. யாருக்காகக் கட்டுகிறாளோ அவர்களில் ஒருவரைக்கூட இங்கே பார்த்ததில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"பேசாம விடுக்கா. சுத்திப் போகட்டும், காலு தேஞ்சா போயிடும்? இப்ப வரைபடத்தத் திறந்தா அந்தக் கண்ணாடி முகப்புக்காரரு மறுபடி உள்ள வந்துடுவாரு."

அவளுக்கும் விட்டுவிடத்தான் ஆசை. அவ்வளவு அலுப்பு. ஆனால் கடைசியாக வந்த பெண் நின்றுவிட்டாள்.

"இங்க என்னக்கா வருது?"

"உங்களுக்குத்தாம்மா. இளைஞர் மையம்."

"ஐ! அப்ப நாங்க எப்படி இறங்குறது?"

அந்தப் பெண் போன பிறகு அக்கா தலைவருக்குப் போன் போட்டாள். பெரிய கூடத்தை இரண்டாகப் பிரித்து பிள்ளைகள் இறங்க நடுவில் படி வைக்க வேண்டும், நாளைக்கு வண்டி வேண்டாம் என்றாள். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

"வரைபடத்தத் திறக்கிறதுதான் திறக்கிறோம், அந்தக் கண்ணாடி முகப்பையும் ஒரு தடவ பேசிடலாமேம்மா?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"பேசலாங்க."

போனை வைத்தாள். வீங்கிய கால் செருப்புக்குள் நுழையவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அளக்கிற நாடாவ எடுடா."

"எட்டாவது வரைபடமாக்கா?"

அவள் கோட்டை மிதித்து, அந்தப் பாதையில் முதல் தடவையாக இறங்கினாள்.