பக்கத்து வயலில் என்ன விதை?

காலை பத்தரை மணிக்கு விதை ஆய்வாளர் வெயிலில் நின்று மக்காச்சோளப் பயிரைச் சோதித்துக்கொண்டிருந்தார். காகிதத்தில் அப்படித்தான் இருந்தது. ஆளோ அலுவலகத்து மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, டீயில் பிஸ்கட்டை நனைத்தபடி, ஒவ்வொரு படிவமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். 'நேரில் சென்று இலையைச் சோதித்தேன். சாதாரண விதையே' என்று அச்சடித்த வரிக்குக் கீழே அவருடைய பெயர் வளைந்து வளைந்து விழுந்தது. நனைந்த பிஸ்கட் பாதியாக உடைந்து டீக்குள் முழுகியபோது மட்டும் முகம் சுளித்தார்.

மாநில அரசு அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்து நான்கு வருடம் ஆகிறது. மரபணு மாற்றிய விதையை விதைக்கவே கூடாது என்று அது சொல்லவில்லை. விதைப்பவர் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். பக்கத்து நிலத்திலிருந்து இருநூறு மீட்டர் தள்ளி விதைக்க வேண்டும். எந்த நிலத்தில் அந்தப் பயிர் இருக்கிறது என்று யார் வந்து கேட்டாலும் காட்டுவதற்கு விதை அலுவலகத்தில் ஒரு பதிவேடு இருக்க வேண்டும். அந்தத் தானியத்தில் செய்த உணவு என்றால் பொட்டலத்தின் மேலும் அச்சடிக்க வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

ஆய்வாளரின் வேலையும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. வயலுக்குப் போய் ஒரு இலையைக் கிள்ளி, சின்னக் குப்பியில் தண்ணீர் விட்டு நசுக்கி, அதில் ஒரு காகிதப் பட்டையை நனைக்க வேண்டும். ஒரு கோடு வந்தால் சாதாரணப் பயிர், இரண்டு கோடு வந்தால் மரபணு மாற்றியது. ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் வயல் வரைக்கும் நடக்க வேண்டுமே! பட்டைகள் இருந்த பெட்டி பிரிக்கப்படாமலேயே மேஜை இழுப்பறையில் கிடந்து, அதன் காலாவதித் தேதியும் போன வருடம் கடந்துவிட்டது.

எதிரே விதைக் கம்பெனி ஏஜெண்ட் உட்கார்ந்திருந்தான். அவனை அலுவலகத்தில் எல்லோரும் 'சிரிப்பு' என்றுதான் சொல்வார்கள். இழவு வீட்டிலும் அவனுக்குப் பல் தெரியும் என்று பேச்சு.

"இருபத்திமூணு படிவம் சார். எல்லாமே சாதாரண விதைதான். நீங்க எதுக்கு வெயில்ல அலையணும்?"

"எல்லாமே சாதாரண விதைன்னா, உன் கம்பெனியோட புது விதைய யாருய்யா வாங்குறாங்க?"

"அத நான் சொன்னா நீங்க எழுதணும். நீங்க எழுதினா அவங்க இருநூறு மீட்டர் விடணும். அவ்வளவு விட்டா குத்தகைக்காரங்களுக்கு வரப்புதான் சார் மிஞ்சும்." சிரிப்பு வாய் நிறையச் சிரித்தான். "ஆமா, வீட்ல ஃபிரிட்ஜ் நல்லா ஓடுதா?"

ஃபிரிட்ஜ் நன்றாகத்தான் ஓடியது. தவணையில் வாங்கியது என்று மனைவியிடம் சொல்லியிருந்தார். ஆய்வாளர் மிச்சப் படிவங்களைப் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். உலகம் பூராவும் தின்கிறது, யார் செத்துப்போனார்கள் என்று மனசுக்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். மனசு ரொம்ப நல்ல மனசு, உடனே ஒத்துக்கொண்டது.

அந்த அலுவலகத்தில் இன்னொரு பழக்கமும் உண்டு. பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மூன்று வரிகளைக் காலியாக விடுவார்கள். பின்னால் மேலிடத்திலிருந்து யாராவது குடைந்தால், பழைய தேதி போட்டு ஒரு வரியைச் செருகிக்கொள்ளலாம். இவருக்கு முன்னால் இருந்தவர் சாவியோடு சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போன தொழில் நுணுக்கம் அது.

பத்து நாள் கழித்து அக்காவிடமிருந்து போன் வந்தது.

அக்கா இவரைவிட ஆறு வயது மூத்தவள். வீட்டுக்காரர் போன பிறகு ஐந்து ஏக்கரைத் தனியாளாகப் பார்க்கிறாள். ஒன்பது வருடமாக அவளுடைய மக்காச்சோளம் ஒரு குழந்தை உணவு ஆலைக்குப் போகிறது. 'மரபணு மாற்றப்படாதது' என்று பொட்டலத்தில் அச்சடித்து விற்கிற ஆலை. லாரி வாசலில் நிற்கும்போதே சோதித்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். அக்காவின் லாரி ஒருமுறைகூடத் திரும்பியதில்லை. பல் முளைக்காத பிள்ளைகள் தன் சோளத்தைத்தான் முதலில் ருசி பார்க்கிறார்கள் என்று அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

"டேய், எனக்கு வடக்குப் பக்கத்து நிலத்த யாரோ புது ஆளு குத்தகைக்கு எடுத்து சோளம் போட்டிருக்கான். நாலு எலை விட்டிருக்கு. என்ன விதைன்னு கேட்டா மழுப்புறான். உன் புத்தகத்துல இருக்கான்னு பாரு."

"இருந்தா என்னக்கா பண்ணுவ?"

"இருந்தா நான் நாலு வாரம் தள்ளி விதைப்பேன். ரெண்டும் ஒரே நேரத்துல பூக்காது பாரு, அவன் மகரந்தம் என் கதிர்ல வந்து விழாது. இல்லன்னா நாளைக்கே போட்டுடுவேன். மண்ணுல ஈரம் இருக்கு."

ஆய்வாளர் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, சர்வே எண்களின் மேல் விரலை ஓட்டினார். அந்த எண் இல்லை.

"ஒண்ணுமே இல்லக்கா. தைரியமா விதை."

"நல்லாப் பாத்துச் சொல்லு. என் பொழப்புடா."

"அரசாங்கப் பதிவேடுக்கா. தப்பா இருக்குமா?"

இதைச் சொல்லும்போது அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. உடன்பிறந்தவளுக்குத் தன் உத்தியோகத்தால் ஒரு உதவி! அந்த இருபத்திமூன்று படிவங்களில் ஒன்று அக்காவின் வடக்குப் பக்கத்து நிலத்துடையது என்று அவருக்குத் தெரியாது. படித்திருந்தால்தானே தெரியும்! தான் எழுதாமல் விட்ட பதிவேட்டைத் தானே நம்பி ஏமாந்த அதிகாரி அநேகமாக அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அறுவடை முடிந்த வாரத்தில் அக்கா அலுவலகத்துக்கே வந்தாள். போன் செய்யாமல் வருகிறவள் அல்ல அவள். செருப்பிலும் சேலைக் கரையிலும் புழுதி ஏறியிருந்தது. கையில் இருந்த கடிதத்தை மேஜை மேல் வைத்தாள்.

"ரெண்டு கோடு வந்திருச்சுடா."

ஆய்வாளருக்கு முதலில் புரியவில்லை.

"லாரிய வாசல்லயே நிறுத்தி, மூணு மூட்டையக் குத்தி எடுத்து, அரைச்சுப் பாத்தாங்க. மூணுலயும் ரெண்டு கோடு. அத்தன டிரைவருங்க நிக்கிறாங்க, அவங்க முன்னால கொள்முதல் அதிகாரி கேக்குறான், 'கைக்குழந்த தின்னுறதுல கலப்படம் பண்ண உங்களுக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு'ன்னு. ஒம்பது வருஷமா என்னை 'வாங்கம்மா'ன்னு கூப்பிட்டவன்!" ஆலையின் கடிதத்தை அவர் பக்கம் தள்ளினாள். "அஞ்சு வருஷத்துக்கு என் சோளத்த வாங்க மாட்டாங்களாம். இது எப்படிக் கலந்துச்சுன்னு விதை ஆபீஸ்ல எழுதி வாங்கிட்டு வந்தா மட்டும் யோசிப்பாங்களாம். அந்த வடக்கு நிலத்துக்காரன்தான்டா. காத்து அந்தப் பக்கத்துல இருந்துதான் அடிக்குது. அவன் என்ன போட்டான்னு உன் பதிவேட்ட வெச்சு எழுதிக் குடு."

"பதிவேடு... மேலிடத்துக்குப் போயிருக்குக்கா."

"அந்தா பீரோவுல நிக்குதே, அது என்ன? முதுகுல கொட்டை எழுத்துல போட்டிருக்கு."

ஆய்வாளர் எழுந்து பீரோவைத் திறந்தார். பதிவேட்டை எடுப்பதுபோல, அதற்குப் பின்னால் கிடந்த படிவக் கட்டையும் எடுத்துப் புரட்டினார். பதினேழாவது படிவத்தில் அவர் கை நின்றது. அதே சர்வே எண். சாதாரண விதையே. அதற்குக் கீழே வளைந்து வளைந்து அவருடைய கையெழுத்து.

அந்த நேரத்திலும் மூளை பழக்கப்பட்ட வழியில்தான் போயிற்று. பதிவேட்டில் அந்த மாதத்துப் பக்கத்தைப் பிரித்து, அடியில் காலியாக இருந்த வரியில் பேனாவை வைத்தார்.

"என்னடா எழுதுற?"

"உனக்கு அத்தாட்சி வேணும்ல. அந்த நிலத்துல புது விதைன்னு பழைய தேதி போட்டு எழுதிடுறேன். யாருக்கும் தெரியாதுக்கா."

அக்கா காலி வரிகளைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள்.

"அப்ப அவன் புது விதை போட்டது உனக்கு அன்னிக்கே தெரியுமா?"

"ஐயோ, சத்தியமாத் தெரியாதுக்கா! நான் அங்க போகவே இல்ல."

தப்பிக்கச் சொன்ன பதிலே அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அக்கா கை நீட்டிப் படிவத்தை வாங்கினாள். "நேரில் சென்று இலையைச் சோதித்தேன்" என்று எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைபோல மெதுவாக, சத்தமாகப் படித்தாள். மறுபடியும் ஒருமுறை படித்தாள்.

"போகாமலேயே போனேன்னு எழுதியிருக்க. அத நம்பி நான் விதைச்சேன்."

"அதான் இப்ப சரி பண்றேன்லக்கா..."

"எதச் சரி பண்ற? பழைய தேதியில நீ எழுதிட்டா, பதிவேட்டுல இருந்துச்சு, பாக்காம விதைச்சது இவ குத்தம்னுதான் ஆலைக்காரன் சொல்லுவான். எழுதாம விட்டா, இவதான் கலந்திருக்கான்னு சொல்லுவான். எப்படிப் பாத்தாலும் குத்தவாளி நானு. நீ மட்டும் நாற்காலிய விட்டு எழுந்திரிக்க வேண்டாம். நல்லா இருக்குடா உன் உதவி."

ஆய்வாளர் பேனாவைக் காலி வரியிலிருந்து எடுத்தார்.

"இன்னிக்குத் தேதியப் போடு. நான் வயலுக்குப் போகாம கையெழுத்துப் போட்டேன், என் அக்கா கேட்டப்ப ஒண்ணும் இல்லன்னு சொன்னேன்னு எழுது."

"வேலை போயிடும்க்கா. ரிட்டயர் ஆக இன்னும் ஆறு வருஷம் இருக்கு. பென்ஷன் வராது."

"என் வேலை போயிடுச்சேடா. அது எந்தக் கணக்கு?"

சொல்லிவிட்டுச் சுவரோரம் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். கத்தவும் இல்லை, சாபம் விடவும் இல்லை. மனு கொடுக்க வந்த யாரோ ஒருத்திபோல மடியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திட்டியிருந்தால்கூட ஆய்வாளருக்குத் தேவலையாக இருந்திருக்கும். மேஜை மேல் போன் அதிர்ந்தது. சிரிப்பின் பெயர் தெரிந்தது. அடுத்த பருவத்துக்கான படிவக் கட்டோடு வருகிறேன் என்று சொல்லத்தான் கூப்பிடுவான். அவர் எடுக்கவில்லை.

இரண்டு காகிதத்தைக் கிழித்துப் போட்டார். முதலாவதில் 'பணிச்சுமை காரணமாக' என்று எழுதியிருந்தார். இரண்டாவதில் 'கவனக்குறைவால்' என்று எழுதியிருந்தார். இரண்டும் பொய் என்று அவருக்கே தெரிந்தது. மூன்றாவதில் நடந்ததை நடந்தபடி எழுதினார். இருபத்திமூன்று படிவங்களையும், ஃபிரிட்ஜையும் எழுதினார். கையெழுத்துப் போடும்போது, எத்தனையோ ஆயிரம் முறை போட்ட அதே கையெழுத்து, முதல் தடவை போடுகிறவனுடையதுபோலக் கோணிக்கொண்டு போயிற்று.

அக்கா வாங்கி முழுவதும் படித்தாள். மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"மன்னிச்சிடுக்கா. இதக் காட்டினா சோளத்த எடுத்துக்குவாங்கல்ல?"

"எப்படி எடுப்பாங்க? ரெண்டு கோடு ஒரு கோடா மாறிடுமா? நான் கலப்படக்காரி இல்லன்னு வேணா ஒத்துக்குவாங்க. என் எடத்துக்கு வேற ஆளப் புடிச்சாச்சு." எழுந்து நின்றாள். "மன்னிக்கிறதப் பத்தி அப்புறம் பாக்கலாம். இப்ப என்னால முடியல."

வாசல் வரைக்கும் போனவள் திரும்பினாள். பதிவேடு இன்னும் மேஜை மேல் பிரிந்தபடியே கிடந்தது.

"அந்த விதை நல்லதா கெட்டதான்னு படிச்சவங்க அடிச்சுக்கட்டும், எனக்குத் தெரியாது. பக்கத்து வயல்ல என்ன இருக்கு, பிள்ளை தட்டுல என்ன இருக்குன்னு ஒருத்தர் கேட்டா, உண்மையச் சொல்லணும். அதுக்குத்தான் சட்டம். அதச் சொல்லத்தான் உனக்கு இந்த நாற்காலி. போகாத வயலுக்குப் போனேன்னு ஒருத்தன் கையெழுத்துப் போட்டா போதும், எப்பேர்ப்பட்ட சட்டமும் வெறும் காகிதம்தான். எனக்காவது இங்க வந்து கேக்க ஒரு தம்பி இருந்தான். மிச்சம் இருபத்திரெண்டு வயலுக்குப் பக்கத்துலயும் யாரோ ஒருத்தங்க உன்ன நம்பி விதைச்சிருப்பாங்கல்ல? அவங்க யாருகிட்டடா போய்க் கேப்பாங்க?"