கொடுக்காதவர்களுக்குத்தான் இறால்

கூரைக்கு யாரும் பணம் கொடுக்க மாட்டார்கள். ஓர் ஓவிய அருங்காட்சியகத்துக்கு இருபது வருடமாக நிதி திரட்டி நான் கற்றுக்கொண்ட உருப்படியான விஷயம் இது ஒன்றுதான். கூடத்துக்குக் கொடுத்தால் வாசலில் பித்தளையில் பெயர் வரும். படிக்கட்டுக்குக் கொடுத்தால், ஏறுகிறவர்கள் மூச்சு வாங்க நிற்கும்போது படிப்பார்கள். போன வருடம் ஒரு டயர் வியாபாரி, கோட்டு மாட்டும் அறைக்குப் பணம் கொடுத்து அதற்குத் தன் மாமியார் பெயரை வைத்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கூரையில் பெயர் வைத்தால் புறாதான் படிக்கும். படித்துவிட்டு அது என்ன செய்யும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கூரை போய்விட்டது என்று பொறியாளர் சொல்லி ஆறு வருடமாகிறது. இந்த மே மாதம், ஓஹாயோ நதிப்பக்கம் பெய்த மழையில், டச்சு ஓவியங்கள் இருக்கும் மேல்மாடிக் கூடம் நிஜமாகவே ஒழுக ஆரம்பித்தது. படங்களை இறக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு நீல பிளாஸ்டிக் வாளிகளை வைத்தோம். எங்கள் இயக்குநர் ப்ரெஸ்டன் ஓடி வந்து பார்த்தார். பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டுச் செம்பு வாளிகள் வாங்கச் சொன்னார். கொடையாளர்கள் கண்ணில் பட்டால் அசிங்கமாம்.

ப்ரெஸ்டன் போன இலையுதிர்காலத்தில் நியூயார்க்கிலிருந்து வந்தவர். ஆயிரம் டாலர் சூட்டுக்குக் கீழே வெள்ளை கேன்வாஸ் ஷூ போடுவார். அவர் கனவு முழுக்க, நதியைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கப் போகும் ஒரு கண்ணாடிக் கட்டடம்தான். அதன் மாதிரி அவர் மேசைமேல் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. அது ஒழுகுவதில்லை.

வாளி வாங்கிய மறுநாள் என்னைக் கூப்பிட்டார்.

“கோரின், லிண்டமன் அம்மா விஷயம் என்ன ஆச்சு?”

“யோசிச்சிட்டிருக்காங்க.”

“ஆறு வருஷமாவா? ஒரு கூரையப் பத்தி ஆறு வருஷம் யோசிக்க அதுல என்னங்க இருக்கு?”

“நிதானமானவங்க.”

“நீங்க மாசாமாசம் போய் நல்லா சாப்பிட்டுட்டு வர்றீங்க. ஜூன் கடைசியோட நம்ம கணக்கு வருஷம் முடியுது. அதுக்குள்ள ஆமாவா இல்லையான்னு ஒரு பதில் வாங்கிட்டு வாங்க. இல்லன்னா அந்தம்மாவ உங்க பொறுப்புலேர்ந்து எடுத்துடறேன். உங்க நேரத்துக்கு விலை இருக்கு.”

நல்லா சாப்பிட்டுட்டு என்றாரே, அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லிண்டமன் அம்மாளுக்கு எண்பத்துநாலு வயது. கணவர் வெர்னர், சவப்பெட்டிக்குக் கைப்பிடி செய்து விற்றுக் கோடிகள் சேர்த்தவர். வாங்கியவர்கள் யாரும் திரும்பி வந்து குறை சொல்லாத வியாபாரம். குன்றின்மேல் பதினோரு அறை வீட்டில் அந்த அம்மாள் மட்டும்தான். பிள்ளைகள் இரண்டு பேர் தூரதேசங்களிலிருந்து பண்டிகைக்குப் பண்டிகை போனில் வருவார்கள். ஒவ்வொரு மாதமும் முதல் வியாழக்கிழமை நான் போவேன். டப்பாவைத் திறந்து சுடவைத்த தக்காளி சூப், ஒரு பக்கம் கருகிய சீஸ் ரொட்டி. நாற்பது லட்சம் டாலர் கேட்கப் போகிற இடத்தில் இதுதான் விருந்து. அப்புறம் தொலைக்காட்சியில் பேஸ்பால் போட்டு, நடுவரின் வம்சத்தையே இழுத்துத் திட்டுவார்.

வேலைக்காகத்தான் போகிறேன் என்று என் கணவரிடம் சொல்லி வைத்திருந்தேன். எனக்கும் அப்படியே சொல்லி வைத்திருந்தேன். நடுவில் எனக்கு ஓர் அறுவை சிகிச்சை நடந்தபோது, அந்த அம்மாள் தன் பழைய ப்யூக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தார். வழியில் எத்தனை பேர் உயிர் தப்பினார்களோ தெரியாது. என் கட்டில் பக்கத்து மேசையில் ஒரு சூப் டப்பாவை வைத்துவிட்டுப் போனார், திறக்கக்கூட இல்லை. இதையெல்லாம் நான் அலுவலகத்தில் சொல்வதில்லை.

ஜூன் முதல் வியாழக்கிழமை போனேன். சூப்பில் கரண்டியை விடுவதற்குள் கண்டுபிடித்துவிட்டார்.

“மூஞ்சியே சரியில்லையே. யாராவது போய்ச் சேர்ந்துட்டாங்களா?”

“இல்ல, மிசஸ் லிண்டமன். கூரை விஷயம். இந்த மாசத்துக்குள்ள தெரியணும்.”

“யாருக்குத் தெரியணும்? உனக்கா, அந்த கேன்வாஸ் ஷூக்காரனுக்கா?”

நான் ரொட்டியைப் பார்த்தேன்.

“இங்க பாரு கண்ணு. உங்க மியூசியத்துக்கு வசூல் கமிட்டித் தலைவியா இருந்தவ நான். நீ அப்போ ஸ்கூல்ல கலர் பென்சிலக் கடிச்சிட்டிருந்திருப்ப. என் கமிட்டியில ஒரே சட்டம்தான். கொடுக்காதவனுக்கு இறால் விருந்து போடு. கொடுத்தவனுக்கு காலண்டர் அனுப்பு.”

“இப்பவும் அதேதான்,” என்றேன். வெட்கமாகத்தான் இருந்தது.

“இப்போ காலண்டர் யாரு அனுப்பறது?”

“டாட்னு ஒருத்தர். கொடுத்து முடிச்சவங்கள எல்லாம் அவர்தான் பாத்துக்கறார்.”

“பாத்துக்கறாராமா!” என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. “மில்ட்ரெட்னு எனக்கு ஒரு ஃப்ரெண்டு. கீழ்மாடியில ஒரு கூடத்துக்கே பணம் கொடுத்தா. நான்தான் அஞ்சு வருஷம் பின்னாலயே சுத்தி வாங்கினேன். வாராவாரம் சீட்டாடுவோம். கொடுத்த மறுவருஷம் இடுப்பு ஒடிஞ்சு படுத்தா. எட்டிப் பாக்கல ஒருத்தரும். காலண்டர் மட்டும் கரெக்டா போச்சு. கையெழுத்து யாருது தெரியுமா? என்னுது.”

அவர் ரொட்டியின் கருகிய பக்கத்தைச் சுரண்டிவிட்டுத் தொடர்ந்தார்.

“நீ ஒண்ணும் முட்டாள் இல்ல. ஏன் ஆறு வருஷமா பிடி கொடுக்காம இருக்கேன்னு உனக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கணும். ஆமான்னா டாட் வருவான். இல்லன்னா ஒருத்தரும் வரமாட்டீங்க. யோசிக்கறேன்னு சொன்னாத்தான் சாப்பாட்டுக்கு ஆள் வருது.”

இந்த மாதிரி இடத்தில் சொல்வதற்கென்று எங்கள் தொழிலில் பதமான வாக்கியங்கள் நிறைய உண்டு. வகுப்பெடுத்தே சொல்லிக்கொடுப்பார்கள், நானே எடுத்திருக்கிறேன். ஒன்றும் வாயில் வரவில்லை. உண்மைதான் வந்தது.

“இனிமே யோசிக்கறேன்னு சொன்னாலும் வரமுடியாது, மிசஸ் லிண்டமன். ஜூன் முடிஞ்சா உங்கள என் பொறுப்புலேர்ந்து எடுத்துடறாங்க.”

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். துணியை நாலாக மடித்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“அப்போ எல்லாப் பக்கமும் அடைச்சாச்சு. சரி, போய்ச் சொல்லு, தர்றேன்னு. படமாவது நனையாம இருக்கட்டும்.”

“நான் வருவேன். பணத்துக்கு இல்ல. சும்மா வருவேன்.”

“மில்ட்ரெட்கிட்ட நானும் அதத்தான் சொன்னேன்,” என்றார். “பொய்யில்ல. மனசாரத்தான் சொன்னேன்.”

அலுவலகத்தில் ஷாம்பெயின் உடைத்தார்கள். ப்ரெஸ்டன் என்னைக் கட்டிக்கொண்டு, இன்னும் ஆறு மாதம் முன்னாலேயே நெருக்கியிருக்கலாம் என்றார். லிண்டமன் அம்மாளின் பெயர் டாட்டிடம் போயிற்று. டாட் உடனே கைப்பட நன்றிக் கடிதம் எழுதினார். கூரைக்குக் கொடுத்தவர்களுக்கு என்று ஒரு தனிச் சலுகையையும் கண்டுபிடித்தார். தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறி, வேலை நடப்பதை நேரில் பார்க்கலாமாம். எண்பத்துநாலு வயதுக்காரிக்கு!

ஜூலை முதல் வியாழக்கிழமை, கண்ணாடிக் கட்டடத்துக்கும் கொடுப்பார் என்ற நம்பிக்கையில், அந்த மாமியார் புகழ் டயர் வியாபாரியோடு எனக்கு மதியச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். அவரை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிவிட்டுக் குன்றுக்குப் போனேன். லிண்டமன் அம்மாள் கதவைப் பாதி திறந்து, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“கூரைதான் ஆச்சே. இப்போ என்ன, தரையா?”

“சாப்பிட வந்தேன். ஒரு டயர் வியாபாரியத் தள்ளி வெச்சிட்டு வந்தேன்.”

நான் வருவேன் என்று அவர் நினைக்கவே இல்லை. சூப் இல்லை. உப்பு பிஸ்கட்டும் பழைய சீஸும் தின்றோம். பேச்சு ஓடவில்லை. நான் எது பேசினாலும் அது எங்கே போய் முடியும் என்று அவர் காத்துக்கொண்டே இருந்தார். முட்டிவலி எப்படி இருக்கிறது என்றேன். முட்டிக்கும் மியூசியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யோசிப்பது அவர் முகத்தில் தெரிந்தது. அன்றைக்கு ஆட்டம்கூட இல்லை, திட்டுவதற்கு நடுவரும் இல்லை. புறப்படும்போது வாசல்வரை வந்தார்.

“நிஜமாவே ஒண்ணும் கேக்கலையா?”

“இல்ல.”

“அப்படியா,” என்றார். வழக்கமாகக் கதவை அறைந்து சாத்துகிறவர், அன்று மெதுவாகச் சாத்தினார்.

மறுநாள் காலையில் ப்ரெஸ்டன் என் அறைக்குள் பாய்ந்து வந்தார்.

“லிண்டமன் அம்மா போன் பண்ணாங்க! நேத்து நீங்க அங்க போயிருந்தீங்களாமே!”

லிண்டமன் அம்மாள் இப்போது டாட்டின் ஆள். அலுவலக நேரத்தில், ஒரு டயர் வியாபாரியைத் தள்ளிவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

“ரெண்டு மணி நேரம் இருந்துட்டு ஒண்ணுமே கேக்கலையாமே! கோரின், நீங்க பெரிய ஆளுங்க! நானா இருந்தா அவசரப்பட்டுக் கெடுத்திருப்பேன். கேக்காமலே விட்டீங்க பாருங்க, அந்தம்மாவே நம்ம கண்ணாடிக் கட்டடத்தப் பத்திக் கேக்கறாங்க. பேரு எவ்வளவு பெரிய எழுத்துல வரும்னு கேட்டாங்க!”

“என்ன சொன்னீங்க?”

“மூணடின்னேன். இன்னும் கொஞ்சம் பெருசா வருமான்னாங்க! ரெண்டு கோடிக்குக் கொறையாதுங்க இது. டாட்கிட்டேர்ந்து எடுத்து உங்ககிட்டயே திருப்பிக் கொடுத்துட்டேன். மாசம் ரெண்டு தடவை போங்க, அந்தம்மாகிட்டயும் சொல்லிட்டேன். அவசரமே படுத்தாதீங்க. அஞ்சு வருஷம் ஆனாலும் ஆகட்டும்.”

இருபது வருடத்தில் எதையும் எதிர்பார்க்காமல் ஒரே ஒரு வீட்டுக்குப் போனேன். அதையும் தந்திரம் என்று பாராட்டிவிட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டு குன்றுக்கு போன் போட்டேன்.

“அந்தக் கண்ணாடி டப்பாவுக்கு நீங்க காசு தரப்போறதில்ல, இல்லையா?”

“எனக்கென்ன பைத்தியமா? அதுவும் ஒழுகும்.”

“அப்புறம் எதுக்கு இதெல்லாம்? நான்தான் சும்மாவே வர்றேன்னு சொன்னேனே. வந்தேனே!”

“வந்த கண்ணு. ஆகஸ்டுலயும் வருவ. செப்டம்பர்ல அந்த டயர்க்காரன் கூப்பிடுவான். அப்புறம் உனக்கு ஜுரம் வரும், அப்புறம் பனி கொட்டும். அடுத்த வருஷம் காலண்டர்ல நீயே ஒரு வரி எழுதி அனுப்புவ. உன்மேல தப்பில்ல. என் மனசு நல்ல மனசுதான்னு நம்பித்தான் மில்ட்ரெட் படுத்துக் கிடந்தா. அதனால நான் உன் மனச நம்பல. உன் ஆபீச நம்பறேன்.”

எங்கே குத்த வேண்டுமோ அங்கே குத்தியது. இல்லை, நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. வழக்கம்போல முதல் வியாழக்கிழமை வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

“நடுவுல ஒரு செவ்வாக்கிழமையும் வா,” என்றார். “மாசம் ரெண்டு தடவைன்னுதானே உத்தரவு?”