ஒரிஜினல் சாம்பிள்

துணியின் நிறம் சரியா தப்பா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. கோமளா கையெழுத்து இல்லாமல் இந்தக் கம்பெனியை விட்டு ஒரு பனியன் வெளியே போகாது என்று பதினோரு வருஷமாகப் பீற்றிக்கொண்டவள் நான். தூ!

குழந்தைகள் பனியனுக்கு வெளிநாட்டு ஆர்டர். நெஞ்சில் அழுங்கின் படம், அதன் அடியில் 'என்னைக் காப்பாற்றுங்கள்' என்று ஆங்கிலத்தில். உடம்பெல்லாம் செதிலோடு எறும்பு தின்று வாழும் அந்தப் பிராணி அழிந்துகொண்டிருக்கிறதாம். செதிலின் நிறம் உண்மையானதுபோல இல்லை என்று ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையர் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்.

"ஒரிஜினல் இல்லாம எப்படிங்க சார் மேட்ச் பண்றது?" என்று முதலாளியிடம் கேட்டேன். எல்லா ஆர்டருக்கும் கேட்கிற கேள்விதான். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

முதலாளி தரணீதரன் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. சனிக்கிழமை காலை, அவருடைய பொங்கலூர்த் தோட்டத்துக் காவல்காரர் சந்தனம் ஒரு சாக்கை என் மேசைமேல் கவிழ்த்தார். உயிருள்ள அழுங்கு. பலாக்காய்போலச் சுருண்டு கிடந்தது.

"ஒரிஜினல் கேட்டீங்கல்லங்க" என்றார் முதலாளி, பெருமையாக.

நிறம் ஒப்பிடும் விளக்குப் பெட்டிக்குள் அது நுழையவில்லை. உடனே குறடு வந்தது. முதலாளி ஒரு செதிலைப் பிடுங்கும்போது அது உஸ்ஸென்று சீறியது. ரத்தத்தைத் துடைத்துவிட்டுத் துணியருகே வைத்தார். நிறம் சேரவில்லை.

"சேரலைன்னா இன்னொன்னு எடுக்கலாமுங்க."

"மேட்ச் ஆயிருச்சுங்க சார்" என்று பொய் சொன்னேன். "இதைக் கொண்டுபோய் விட்ருங்க."

"அதெப்படீங்க? அப்ரூவ் ஆன சாம்பிளை ஷிப்மென்ட் போற வரைக்கும் சீல் பண்ணி வெக்கோணுமில்லீங்க? நீங்க சொல்லிக் குடுத்ததுதானுங்க."

நான் சொல்லிக் கொடுத்ததுதான். அட்டைப்பெட்டியில் அதைத் திணித்து, சுற்றிலும் டேப் ஒட்டி, என்னிடம் நீட்டினார்.

"காத்து வேணுமுங்க சார்."

"ஓட்டை போட்டா அப்புறம் சீல் என்னத்துக்குங்க?"

வேலை போய்விடும் என்று பயம். டேப்பின்மேல் கையெழுத்துப் போட்டேன். வனத்துறைக்குப் போன் செய்யலாம் என்று ஞாயிறு முழுக்க நினைத்தேன். யார் கையெழுத்து என்று கேட்பார்களே. நினைத்ததோடு சரி.

திங்கட்கிழமை கம்பெனி மாடிப்படியிலேயே நாற்றம் அடித்தது. டேப்பை அறுத்துத் திறந்தேன். சுருண்டது சுருண்டபடியே கிடந்தது. அதன் கண்ணில் எறும்பு மொய்த்தது. அங்கேயே குப்பைத் தொட்டியில் வாந்தி எடுத்தேன்.

முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"செதில் கெடலைல்லங்க? அப்ப ஒண்ணும் பிரச்சனை இல்லீங்க. வேற பெட்டியில போட்டு, மறுபடி ஒரு கையெழுத்துப் போட்ருங்க."

பேனாவை நீட்டினார். நான் வாங்கவில்லை. அவர் முன்னாலேயே வனத்துறைக்குப் போன் போட்டேன்.

"பெட்டியில அடைச்சது யாருங்க?" என்று கேட்டார்கள்.

"நானுங்க" என்றேன். "டேப்பு மேல என் கையெழுத்து இருக்குதுங்க."